கிராணியின் வாய்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளிக்காக ஒரு நாடகம் எழுதினேன். அதன் கடைசிக் காட்சியில், ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி தொழிலாளர்களின் காலில் விழுந்து அழுவார். ஒத்திகை முடிந்ததும் ஒரு மாணவியின் பாட்டி என்னிடம் வந்தார். பல வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்.

"டீச்சர், கிராணி அழுவாரா? திருந்தினாலும் திட்டிக்கிட்டேதான் திருந்துவாரு."

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் சொன்னது சரி. நான் கிராணியைத் திருத்தவில்லை. அவரை அனுப்பிவிட்டு வேறொரு நல்லவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

கதை நடப்பது 1960இல். தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டு, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கவென்று, இதே ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய ஆண்டு. துண்டாடலில் தன் வீடும் போய்விடும் என்ற பயத்தில் கிராணி மனம் மாறுவதாக எழுதியிருந்தேன். அதை அடித்தேன். பயந்தவனுக்கு வருவது திருத்தமல்ல. அவருக்கு ஒரு சோகமான இளமைக்காலம் கொடுத்திருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன்.

பிறகு அவர் செய்த தப்புக்கே திரும்பிப் போனேன். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதை மெட்ரோலாக் என்ற, கோடுகள் போட்ட கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கூலிக் கணக்கு. முதல் காட்சியில் கிராணி சொல்வார்: "கோட்டை நான் பார்ப்பேன். நீ தள்ளி நில்லு, மடையா." குறைத்து எழுதுவார்.

கடைசிக் காட்சியை இப்படி மாற்றினேன். அதே கொட்டகை, அதே ஆள். "கிட்ட வாடா, மடையா! எந்தக் கோடு நிக்குதுன்னு நீயே படி. இத்தனை வருஷம் இதைக் கேக்க உனக்கு வாய் இல்லையா?" பிறகு, தான் குறைத்து எழுதியதையெல்லாம் தன் கையெழுத்திலேயே பட்டியல் போட்டுத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கொடுக்கப் போவார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். வழியில் ஒரு கிழவர் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கிழவரைச் சமாதானப்படுத்த நான் வசனம் எழுதவில்லை. மன்னிப்பது அவர் இஷ்டம்.

கிராணியாக நடித்த பையன் கேட்டான்: "அப்போ கடைசியில சிரிக்கணுமா, டீச்சர்?" வேண்டாம், முறைத்துக்கொண்டே போ என்றேன்.

நாடகம் முடிந்ததும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கோட்டை எனக்கு யாருமே காட்டினதில்ல, டீச்சர்."