இங்கிலாந்தில் வெட்னரி நர்ஸ் படிப்பு: நான் வந்த வழி

வெட்னரி நர்ஸ் ஆக என்ன படிக்க வேண்டும், எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று இங்குள்ள நம்மவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் கணவரின் வேலைக்காக ஊரை விட்டு வந்து, கையில் ஒரு டிகிரியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பெண்கள். நானும் அப்படி வந்தவள்தான். மதுரையில் விலங்கியல் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தேன். இன்று பதிவு பெற்ற வெட்னரி நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வேலை என்பது தெளிவாக வேண்டும். ஊரில் கால்நடை மருத்துவமனை என்றால் டாக்டர் இருப்பார், கால்நடை ஆய்வாளர் இருப்பார், பராமரிப்பு உதவியாளர் இருப்பார். நாய் பூனைக்கென்றே படித்துப் பதிவு பெற்ற நர்ஸ் என்று ஒருவரை நாம் அங்கே பார்த்துப் பழகவில்லை. அதனால்தான் “நாயைப் பிடித்துக்கொள்கிற வேலையா?” என்று கேட்கிறார்கள். பிடித்துக்கொள்வதும் உண்டு. அதோடு ரத்தம் எடுப்பது, ட்ரிப் போடுவது, எக்ஸ்ரே எடுப்பது, மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கண்காணிப்பது, ஆய்வகச் சோதனைகள், ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்வது, சிறு காயத்துக்குத் தையல் போடுவது என்று டாக்டரின் உத்தரவின் பேரில் நர்ஸ் செய்வது ஏராளம். என்ன நோய் என்று முடிவு செய்வதும், மருந்து எழுதுவதும், உடலின் உட்குழிக்குள் போகும் அறுவையும் டாக்டருடையவை. இந்த எல்லையை வகுத்திருப்பது 1966ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. நர்ஸுகளுக்கான அனுமதி அதில் 1991இல்தான் சேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இங்கே கால்நடை மருத்துவர்களையும் நர்ஸுகளையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு, ஆர்.சி.வி.எஸ். எனப்படும் ராயல் கால்நடை மருத்துவர்கள் கல்லூரி. 1961இல் இந்தப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது அதுதான். ஆனால் நான் இதை எழுதும்வரை ‘வெட்னரி நர்ஸ்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். இதனால் ‘வெட்னரி நர்ஸிங் சான்றிதழ்’ என்ற பெயரில் இணையத்தில் படிப்புகள் விற்கப்படுகின்றன. அவற்றில் பல உங்களை ஆர்.சி.வி.எஸ். பதிவேட்டுக்குக் கொண்டுபோகாது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் படிப்பை முடித்தால் பதிவேட்டில் என் பெயர் ஏறுமா? ஏறும் என்றால் அது மூன்றாம் நிலை டிப்ளமோவாகவோ பல்கலைக்கழகப் பட்டமாகவோ இருக்கும். நான் எடுத்தது டிப்ளமோ.

சேர்வதற்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல் உட்பட ஐந்து பாடங்களில் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) தேர்ச்சியோ அதற்குச் சமமான ஒன்றோ கேட்பார்கள். நம் ஊர்ச் சான்றிதழ்களை வெளிநாட்டுப் படிப்புகளை எடைபோடும் யூ.கே. எனிக் அமைப்பு வழியாக மதிப்பிட்டு வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஊரிலேயே விட்டு வந்திருந்தால் முதலில் அதை வரவழையுங்கள். டிகிரி இருக்கிறதே என்று பேசாமல் இருக்க முடியாது. ஜி.சி.எஸ்.இ. இல்லாதவர்களுக்கு இரண்டாம் நிலையில் விலங்குப் பராமரிப்பு உதவியாளர் படிப்பு ஒன்று இருக்கிறது. அதை முடித்தும் உள்ளே வரலாம்.

படிப்பில் இடம் கிடைப்பதைவிடக் கஷ்டம், பயிற்சி எடுக்க ஒரு க்ளினிக் கிடைப்பது. டிப்ளமோ மாணவர் ஆர்.சி.வி.எஸ். ஏற்ற பயிற்சி க்ளினிக் ஒன்றில் இருந்தே ஆக வேண்டும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் உதவியாளர் வேலை கொடுத்து, “அடுத்த செப்டம்பரில் படிப்பில் சேர்த்துவிடுகிறோம்” என்றார்கள். அந்த செப்டம்பர் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கூண்டு கழுவுவதிலும் ரிசெப்ஷனிலும் எனக்கு நல்ல பெயர். படிப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இதே கதையைச் சொன்னார்கள். மனம் விட்டுச் சொல்கிறேன், இது அநியாயம். ஆசையோடு வரும் பெண்களின் உழைப்பைக் குறைந்த சம்பளத்துக்கு வாங்கிக்கொள்ளும் வழி. அதனால் நேர்முகத்திலேயே கேளுங்கள்: உங்கள் க்ளினிக்குக்குப் பயிற்சி அங்கீகாரம் இருக்கிறதா, இப்போது எத்தனை மாணவர்கள், எனக்குச் சொல்லித்தரப்போகும் நர்ஸ் யார், எந்த மாதம் சேர்ப்பீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? எழுத்தில் தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

நான் பார்த்தேன், கிடைத்தது. கவுன்டர்களுக்குப் பின்னால் இரண்டே ஆலோசனை அறைகள் கொண்ட சின்ன க்ளினிக். பெரிய மருத்துவமனைதான் நல்லது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குச் சொல்லித்தந்த மூத்த நர்ஸுக்குப் பொறுமை இருந்தது, நேரமும் ஒதுக்கினார். கட்டடத்தையும் மெஷின்களையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப்போகிறவரோடு அரைமணி நேரம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் கல்லூரி, மற்ற நாட்கள் க்ளினிக். பதிவுக்கு குறைந்தது 1,800 மணி நேரம் க்ளினிக் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு திறமையையும் செய்து காட்டி, அது எப்படி நடந்தது என்று எழுதி, பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் விலங்கியல் படிப்பு உடற்கூறில் கைகொடுத்தது. மற்றதெல்லாம் புதிது.

மயக்க மருந்துதான் எனக்கு மிகவும் பிடித்துப்போன பாடம். கருப்பை எடுக்கும் அறுவைக்கு வந்த ஒரு பூனை, நாலு கிலோ. அவ்வளவு சின்ன உடலுக்கு எந்தச் சுவாசக் குழாய் அமைப்பு, நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 200 மில்லி சுவாசம், நாலு கிலோவுக்கு 800, டீ-பீஸ் என்ற குழாய் அமைப்புக்கு அதை இரண்டரையால் பெருக்கினால் இரண்டு லிட்டர். டாக்டர் அறுவையைத் தொடங்கியதும் என் பயிற்சியாளர் மானிட்டரை எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துவிட்டார். “இப்போது பூனையைப் பார்த்துச் சொல்லு” என்றார். தாடையை மெல்ல விரித்தால் இறுக்கம் எவ்வளவு? இமையோரத்தைத் தொட்டால் கண் சிமிட்டுகிறதா? கருவிழி கீழே உருண்டிருக்கிறதா, நடுவுக்கு வந்துவிட்டதா? ஈறை விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் குறித்தேன். மெஷின் ஒரு எண்ணைத்தான் சொல்லும். விலங்கு எவ்வளவு ஆழமான மயக்கத்தில் இருக்கிறது என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கும் மானிட்டரைப் பார்க்கும் முன் என் கை ஈறுக்குப் போகிறது.

கணக்கு என்றாலே பயப்படுபவர்கள் உண்டு. ட்ரிப் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 12 கிலோ நாய். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி என்றால் 600 மில்லி, மணிக்கு 25. ஒரு மில்லிக்கு 20 துளி விழும் செட் என்றால் மணிக்கு 500 துளி, ஏறத்தாழ ஏழு நொடிக்கு ஒரு துளி. பம்ப் இருந்தாலும் இதைக் கையால் போடத் தெரிய வேண்டும், பரீட்சையிலும் கேட்பார்கள். அடுப்படியில் தாளித்துக்கொண்டே இந்தக் கணக்குகளைப் போட்டுப் பழகினேன்.

முயல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே முயல் வளர்ப்பவர்கள் அதிகம். நாய் பூனையை அறுவைக்கு முன் பட்டினி போடுவது வழக்கம். முயலைப் பட்டினி போடவே கூடாது. அதற்கு வாந்தி எடுக்க முடியாது, அதோடு குடல் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. மயக்கம் தெளிந்ததும் எப்போது சாப்பிட ஆரம்பிக்கிறது, எப்போது புழுக்கை போடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். வலியை அது வெளியே காட்டாது. மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது.

கருணைக்கொலை நாட்கள் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆம், அழுகை வரும். பதினாலு வருஷம் கூடவே இருந்த நாயைக் கொண்டுவரும் தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்து, அவசரமில்லாமல் உட்காரவைத்து, நாயின் முன்னங்காலில் நரம்பு எழும்பும்படி நான் அழுத்திப் பிடிப்பேன். ஊசி ஒரே தடவையில் சரியாக ஏற வேண்டும். அந்த நேரத்தில் அந்த நாய்க்கும் அவருக்கும் நான் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணம்? வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் அப்ரென்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் படிப்புச் செலவு உங்கள் தலையில் விழாது. ஆனால் இந்த நாட்டில் எவ்வளவு காலம் வசித்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். விசாவை வைத்து முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சம்பளம் படிக்கும்போது குறைவு, பதிவு பெற்ற பிறகும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். “நர்ஸுக்குத்தான் படிக்கணும்னா மனுஷங்களுக்குப் படிக்கக் கூடாதாடி?” என்று அம்மா போனில் கேட்பதற்கும் காரணம் அதுதான்.

எழுத்துத் தேர்வுகளைவிட எல்லோரும் நடுங்குவது ஓஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வுக்கு. வரிசையாக மேடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, சில நிமிடங்கள், மணி அடித்ததும் அடுத்ததற்குப் போக வேண்டும். பொம்மை நாயின் காலுக்குக் கட்டுப் போடுவது, எக்ஸ்ரேக்குப் படுக்க வைப்பது, அறுவைக்கு முன் கை கழுவி கவுனும் கையுறையும் போடுவது, சுவாசக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பது, இப்படி. ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. அன்றாடம் க்ளினிக்கில் ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள். தேர்வில் அச்சடித்த வரிசையில்தான் செய்ய வேண்டும். நான் வீட்டில் மகளின் கரடிப் பொம்மைக்கு விரல் இடுக்கில் பஞ்சு வைப்பதிலிருந்து கட்டு போட்டுப் பழகினேன், மகள் கடிகாரம் பார்த்தாள். கூடவே ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கை மறந்தாலும் வாய் எடுத்துக்கொடுக்கும்.

தேர்ச்சி பெற்று, விண்ணப்பித்து, என் பராமரிப்பில் இருக்கும் விலங்குகளின் நலனே முதன்மை என்று உறுதிமொழி சொன்ன பிறகு பெயர் பதிவேட்டில் ஏறியது. அதன் பிறகும் படிப்பு நிற்காது. ஆண்டுக்கு 15 மணி நேரம் தொடர் பயிற்சி கட்டாயம். நான் எடுத்துக்கொண்டது சர்க்கரை நோய். இப்போது வாரத்தில் ஒரு பிற்பகல் சர்க்கரை நோய்ப் பூனைகளுக்கான நர்ஸ் க்ளினிக் என்னுடையது.

போன மாதம் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. பூனைக்கு இன்சுலின் ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. பேச்சோடு பேச்சாக எந்த சிரிஞ்ச் என்று கேட்டேன். வீட்டில் பாட்டிக்கு வைத்திருக்கும், மில்லிக்கு 100 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சிலேயே போட்டிருக்கிறார்கள். பூனையின் மருந்து மில்லிக்கு 40 யூனிட். அந்தக் கோடுகளை நம்பிப் போட்டால் உடம்பில் ஏறுவது சொன்ன அளவில் ஐந்தில் இரண்டு பங்குதான். டாக்டரிடம் உடனே சொன்னேன், அவர் அளவை உறுதி செய்தார். சரியான சிரிஞ்சைக் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீரை இழுத்துத் தமிழிலேயே விளக்கினேன். பாட்டிதான் முதலில் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். அடுத்த பரிசோதனைக்கு அவரே பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறாராம்.