காகிதம் ஆடக்கூடாது

நவம்பர் 3
வார்டில் பத்தாம் படுக்கைப் பாட்டியிடம் வயிறு வலிக்கிறதா என்று சீனத்தில் கேட்டேன். முயல் வலிக்கிறதா என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. வயிறும் தூட்ஸ, முயலும் தூட்ஸ. டோனும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், ஒன்றே, நாலாவது. என் நோட்டில் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன், இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. பாட்டி சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 4
நாலா, பத்தா? மறுபடி தவறான படுக்கை. புத்தகத்தில் நாலு ‘ஸ’, பத்து ‘ஷ’. வூஹானில் வயதானவர்கள் வாயில் எனக்கு இரண்டுமே ‘ஸ’வாகத்தான் கேட்கிறது. பாட்டி ஆள்காட்டி விரல் இரண்டையும் குறுக்கே வைத்துக் காட்டினார். பத்து. சீன எழுத்தும் அப்படித்தான், ஒரு கூட்டல் குறி.

நவம்பர் 6
லாவ்ஷி, எங்கள் சீன ஆசிரியர், டிஷ்யூவைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார். முயலுக்குக் காகிதம் ஆட வேண்டும், வயிற்றுக்கு ஆடக்கூடாது. மூச்சில்தான் வித்தியாசம். போன வாரம் முழுக்க ‘மூச்சை விடு, மூச்சை விடு’ என்று பழகினேன், இப்போது எதைச் சொன்னாலும் மூச்சு சேர்ந்தே வருகிறது. அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் ‘தூக்கம், தூக்கம்’ என்று சொல்லிப் பார்த்தேன். காகிதம் அசையவில்லை. இந்தத் ‘தூ’தான்! அம்மாவிடம் கேட்டுப் பழகிய ‘தூ’. பல், கல் எல்லாமே அப்படித்தான், மூச்சில்லாமல் தொடங்குகின்றன. பின்யின் என்றால் சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதுவது, இத்தனை நாள் அதை இங்கிலீஷாகப் படித்துக் குழம்பியிருக்கிறேன். ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வயிறு, தூக்கம் வயிறு.

நவம்பர் 7
காலையில் ழெ-கான்-மியென் கேட்டேன், வூஹான் நூடுல்ஸ். முதல் தடவையிலேயே கடைக்கார அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த முதல் எழுத்து நம் ழவுக்கு அவ்வளவு பக்கம்.

நவம்பர் 9
‘எங்கே’யும் நார், ‘அங்கே’யும் நார். எங்கே மூன்றாவது டோன், அங்கே நாலாவது. பதற்றத்தில் குரல் மேலே தொடங்கிக் கீழே விழுகிறது, எங்கே வலிக்கிறது என்பது அங்கே வலிக்கிறது என்று ஆகிவிடுகிறது. மூன்றாவது டோனுக்குப் புத்தகத்தில் பள்ளத்தாக்கு மாதிரி ஒரு கோடு, இறங்கி ஏறுகிறது. லாவ்ஷி அதை அடித்துவிட்டார். பின்னால் வேறு டோன் வந்தால் ஏறவே வேண்டாம், கீழேயே கிடக்கட்டும் என்றார். நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் கைக்கு அதிர்வு தெரிகிறது.

நவம்பர் 10
நாற்பது தடவை பதிவு செய்தேன். எல்லாமே அங்கே, அங்கே, அங்கே. சீன மொழித் தேர்வான எச்எஸ்கேயின் எழுத்துத் தாளில் பேச்சு கிடையாது என்று அறைத்தோழி சமாதானம் சொல்கிறாள். பாட்டி எனக்கு எச்எஸ்கே இல்லையே.

நவம்பர் 11
போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். தூட்ஸ, மூச்சில்லாமல். நார், கீழே. பாட்டி கடகடவென்று பதில் சொன்னார், ஒரு சொல் பிடிபடவில்லை. பிறகு என் கையை இழுத்துத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்தார். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

நவம்பர் 12
மழை. வகுப்பு இல்லை.

நவம்பர் 13
நாளைக்குப் பாட்டிக்கு ஸ்கேன். எங்கே எடுப்பார்கள் என்று நர்ஸிடம் நான்தான் கேட்க வேண்டும். நார். கீழே, இன்னும் கீழே