பீட்டில் ஸ்டெப்னி மாட்ட ஒரு கைடு பின்

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் வீல் மாற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அம்பாசிடர் மாதிரி, வீல் பொருந்தும் பிரேக் டிரம்மில் ஸ்டட் (வீலை மாட்டித் தொங்கவிடும் மரைக் கம்பி) நீட்டிக்கொண்டு இருக்காது. வீலைத் தூக்கி, ஓட்டைக்கு ஓட்டை நேராகப் பிடித்துக்கொண்டே போல்ட்டை உள்ளே விட வேண்டும். முன் வீல் என்றால் இன்னும் கஷ்டம். ஹேண்ட்பிரேக் பின் வீலைத்தான் பிடிக்கும். முன் டிரம் கை பட்டாலே சுற்றும். எங்கள் 1970 மாடலை அப்பாதான் இன்னும் குன்னூர் வரைக்கும் ஓட்டுகிறார். தோள்பட்டை வலியோடு அவர் தனியாக ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால் என்ன செய்வார் என்ற கவலைதான் இந்த வேலையை ஆரம்பிக்க வைத்தது.

டிரம்மின் மேல் ஓட்டையில் நீளமான ஒரு கம்பியை, அதாவது கைடு பின்னை, திருகிவிட்டால் வீலை அதில் தொங்கவிடலாம். மற்ற மூன்று போல்ட்டையும் கையால் திருகி, பின்னைக் கழற்றி, நாலாவதைப் போட்டால் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மரைதான். நாலு போல்ட் பீட்டிலுக்கு எம்14, அதாவது 14 எம்எம் தடிமன். பிட்ச், அதாவது மரையின் பற்களுக்கு இடையேயான தூரம், 1.5 எம்எம். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 14 எம்எம் போல்ட்டின் பிட்ச் 2. அது ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அங்கே பலம் கொடுத்தால் டிரம்மின் மரை போய்விடும். பழைய ஐந்து போல்ட் வண்டிகளுக்கு எம்12 என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் கோயம்புத்தூரில் தெரிந்த லேத் பட்டறையில் 16 எம்எம் ராடு ஒன்றைக் கடைந்தோம். ஒரு முனையில் 25 எம்எம் நீளத்துக்கு மரை, மீதியெல்லாம் 13 எம்எம்மில் வழவழப்பு, வெளிமுனை கூம்பு. அந்த முனையில் குறுக்கே ஒரு துளை. கைடு பின் இறுகிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பலாம். புல்லில் விழுந்தாலும் கண்ணில் படச் சிவப்புப் பெயிண்ட். மரை சரியா என்று வண்டியின் சொந்த வீல் போல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டின் பற்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தன.

வீட்டு வாசலில் முன் வீலில் அப்பாவே மாட்டிப் பார்த்தார். வீலின் அடிப்பக்கத்தைக் காலால் கொஞ்சம் ஏந்தி, கூம்பு முனைக்கு நேராகக் காட்டினார். உள்ளே போய் நின்றுவிட்டது. வீலைத் தாங்கத்தான் இந்த கைடு பின், வண்டியைத் தாங்க இல்லை. இதைக் கழற்றாமல் வண்டியை ஓட்டவே கூடாது.

இன்னொன்று. இந்த வண்டியில் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவது ஸ்டெப்னியின் காற்றுதான். அதற்காக 42 பிஎஸ்ஐ வரை அடித்து வைப்போம். முன் டயருக்கு வேண்டியது அதில் பாதிகூட இல்லை. ஆகவே முதலில் வாஷர் குழாயைக் கழற்ற வேண்டும். மாட்டி முடித்ததும் காற்றை இறக்கியே ஆக வேண்டும். பின்னோடு ஒரு காற்று கேஜும் அதே பையில் போட்டுவிட்டேன்.

வீல் கப்பைக் கழற்றும் கம்பிக் கொக்கியும் காணாமல் போயிருக்கிறது. கப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளைகளில் மாட்டி நெம்புகிற கொக்கி அது. கெட்டியான ஸ்டீல் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்து அதை வளைக்க வேண்டும்.