ஆயா வீட்டு டிபி போர்டும் ஒரு கறுப்பு வயரும்

வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிபி போர்டில் டெஸ்ட் பட்டனை அழுத்தினோம். மின்சாரம் கசிந்தால் தானே அணைந்து ஆளைக் காப்பாற்றுகிற எர்த் லீக்கேஜ் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. ஆனால் சமையலறையில் ஆயாவின் கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது. அண்ணா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வீட்டிலுள்ள எல்லா பிளக்கும் அந்தச் சுவிட்சுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

டர்பனுக்கு வந்து எனக்கு அப்போது இரண்டாவது வருஷம். தென்காசியில் பத்து வருஷம் வயரிங் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறேன். அவரைத்தான் அண்ணா என்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அந்த ஆயா தன் வீட்டைப் பேத்தி பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் வீடு கைமாற வேண்டுமென்றால் சிஓசி என்று எல்லோரும் சொல்கிற மின் சான்றிதழ் வேண்டும். அது இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. வயரிங் விதிநூலான எஸ்ஏஎன்எஸ் 10142-1 சொல்கிறபடி வீடு இருக்கிறதா என்று பதிவு பெற்றவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

1960களில், இனவாரியாக மக்களைத் தனித்தனிப் பகுதிகளில் குடியேற்றிய குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில், டர்பனில் இந்தியர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பைக் காலி செய்து இங்கே கொண்டுவந்தபோது தனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை என்றார் ஆயா. அப்போது வீட்டில் நாலைந்து விளக்கு, ஒன்றிரண்டு பிளக்தான். அப்புறம் கீசர் வந்தது, பின்னால் ஓர் அறை வந்தது, 2023இல் லோட் ஷெடிங் என்கிற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டர் வந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் தன் வயரைப் போர்டுக்குள் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூடியைக் கழற்றியதும் சடை பின்னாத தலைமுடி மாதிரி வயர்கள் வெளியே சரிந்தன.

முதலில் இன்வெர்ட்டரையும் அதன் பேட்டரியையும் அணைத்தோம். மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது, அதன் மேல்முனையில் மின்சாரம் நின்றுகொண்டேதான் இருக்கும். அதனால் வெளியே மீட்டர் பெட்டியிலும் அணைத்தோம். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு போர்டில் பார்த்து, திரும்பவும் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் அண்ணா. டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால்? இந்த மூன்று பார்வையை நான் இன்றுவரை ஒருநாளும் விட்டதில்லை.

போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எழுதி, எல்லாவற்றையும் அவிழ்த்தேன். மதியத்துக்குள் அழகாகக் கட்டியும் முடித்தேன். சிவப்பெல்லாம் ஒரு கட்டு, கறுப்பெல்லாம் ஒரு கட்டு, மூலைகளில் செங்கோணம், இரண்டு அங்குலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டை. படம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம் போல இருந்தது. அண்ணா வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் கட்டரை எடுத்து டைகளை ஒவ்வொன்றாக வெட்டினார்.

"தம்பி, இந்தக் கறுப்பு யாரோட கறுப்பு?"

என்னால் சொல்ல முடியவில்லை. மின்சாரம் திரும்பி வருகிற கறுப்பு வயர்தான் நியூட்ரல். பன்னிரண்டு நியூட்ரலும் ஒரே கட்டில் போய், வயர்களைத் திருகி வைக்கிற ஒரே உலோகப் பாரில் ஏறியிருந்தன. எர்த் லீக்கேஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய தப்பு என்று புரியும். சிவப்பில் போன மின்சாரம் கறுப்பில் அப்படியே திரும்புகிறதா என்று அது அளந்துகொண்டே இருக்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிட வேண்டும். அதனால் அதன் கீழ் இருக்கும் பிளக்குகளின் நியூட்ரலுக்குத் தனி பார். அதற்கு வெளியே இருக்கும் விளக்கு, கீசர், ஸ்டவ் இவற்றின் நியூட்ரலுக்கு வேறொரு பார். இரண்டும் கலக்கவே கூடாது.

இறுக்கிக் கட்டினதும் தப்பு. மின்சாரம் பாய்கிற வயர்கள் நெருக்கமாகக் கிடந்தால் சூடு வெளியேறாது, வயர் தாங்கும் அளவு குறைந்துவிடும்.

பிளக்குகளை எல்லாம் எர்த் லீக்கேஜின் கீழே கொண்டுவந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை எர்த் முதலில்: பச்சை மஞ்சள் வயர் ஒவ்வொன்றும் பாரில் தனித்தனித் துளையில். அப்புறம் நியூட்ரல், அதனதன் பாரில், எந்த பிரேக்கரோ அதே வரிசையில். நான்காவது பிரேக்கரின் நியூட்ரல் நான்காவது துளையில் இருக்கும். கடைசியில் சிவப்பு. பின்னால் யாராவது பிரேக்கரை இடம் மாற்ற வேண்டியிருந்தால் வயர் எட்ட வேண்டுமே என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நீளம் விட்டு வளைத்தேன். மேலுறையான காப்பை உரித்த செம்பு திருகுக்கு வெளியே தெரியக்கூடாது, திருகு காப்பின் மேல் உட்காரவும் கூடாது. முடித்ததும் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மூன்று பழைய திருகுகள் தளர்ந்திருந்தன. அதில் கீசர் வயரின் காப்பு பழுப்பேறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அதை வெட்டியெறிந்து நல்ல இடத்திலிருந்து உரித்துப் போட்டேன்.

மின்சாரம் கொடுத்தோம், எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழாமல் நின்றது. ஆயா சாமி அறை விளக்கைப் போட்டார், உடனே விழுந்தது.

பிளக்குகளை ஏன் எர்த் லீக்கேஜுக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. சாமி அறை விளக்கின் சிவப்பு வயர் விளக்குகளுக்கான பிரேக்கரிலிருந்து வருகிறது, கறுப்பைப் பக்கத்தில் இருந்த பிளக்கிலிருந்து யாரோ இரவல் வாங்கியிருந்தார்கள். எர்த் லீக்கேஜ் வழியே போகாத மின்சாரம் அதன் வழியே திரும்பியது. 9 வாட் பல்புதான். ஆனாலும் 230 வோல்ட்டில் அதுவே 40 மில்லி ஆம்பியர் வரும், சுவிட்ச் விழ அது போதும். அடிக்கடி விழுகிறதே என்று காரணத்தைத் தேடாமல், எல்லா பிளக்கையும் பாதுகாப்பிலிருந்தே கழற்றிவிட்டிருந்தார் யாரோ. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஈரக்கையோடு கெட்டிலைத் தொடுகிற வயசானவர் இருக்கிற வீடு அது.

கூரைக்குள் ஏறி விளக்குச் சுற்றிலிருந்தே புதிதாக ஒரு கறுப்பு வயரை இழுக்க அரை நாள் ஆனது. நேர்த்தியாகப் பிரித்து வைத்திருந்ததால்தான் எந்தக் கறுப்பு என்று பத்து நிமிஷத்தில் பிடித்தோம்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. காலி இடங்களுக்கு மூடி போட்டோம், பெட்டியின் ஓட்டைகளை அடைத்தோம், ஒவ்வொரு பிரேக்கருக்கும் பெயர் ஒட்டினோம், இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற எச்சரிக்கையையும் ஒட்டினோம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அண்ணா, வயரின் காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெகரை 500 வோல்ட்டில் வைத்தார். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது, எல்லாச் சுற்றிலும் அதைவிட எவ்வளவோ மேலே காட்டியது. சோதனை அறிக்கையை வரி வரியாக நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது ஆயாவிடம் டெஸ்ட் பட்டனைக் காட்டி, மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள் என்றேன். அப்போதே அழுத்தினார். சுவிட்ச் விழுந்தது, கெட்டிலின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

"இப்ப டீ எப்படிப் போடுறது தம்பி?" என்றார். அவர் கையாலேயே சுவிட்சை மேலே தூக்கிவிடச் சொன்னேன்.