மாறியிருக்கு ஐயா

தேயிலைத் தோட்ட ஒஃபிஸில் சம்பளப் பட்டியல் போடும் நாள். இணைப்பைச் சோதிக்கும் பிங் ஒழுங்காகப் போகிறது, ஆனால் ஒஃபிஸ் கம்பியூட்டரில் சம்பளக் கோப்பைத் திறந்தால் சுற்றுகிறது, சுற்றுகிறது, திறக்கவே மாட்டேன் என்கிறது. கம்பியூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்து லெப்டொப்பைச் செருகி, போர்ட்களின் நிலையைக் காட்டும் ஷோ இன்டர்பேசஸ் ஸ்டேட்டஸ் கட்டளையை அடித்தேன். வேலை செய்யும் மற்ற போர்ட் எல்லாம் ஏ-ஃபுல், ஏ-1000 என்றிருக்க 14ஆம் போர்ட் மட்டும் வெறும் ஃபுல், 100. முன்னால் அந்த ‘ஏ’ இல்லை என்றால் இரண்டு முனையும் பேசி முடிவெடுத்தது அல்ல, யாரோ கையால் அடித்து வைத்தது. மறுமுனையில் கம்பியூட்டர் ஆட்டோவில் இருந்தது. எதிர்ப்பக்கம் பேச மறுத்தால் ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் கண்டுகொள்ளும், டூப்ளெக்ஸை, அதாவது இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாமா (ஃபுல்) மாறிமாறித்தானா (ஹாஃப்) என்பதை, கண்டுகொள்ள வழியில்லாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். அப்புறம் ஒன்று வழிவிட்டுப் பேச மற்றது வழிவிடாமலே பேச, பிங் மாதிரிச் சின்னச் சரக்கு தப்பிவிடும், பெரிய கோப்பு மோதிச் சிதறும். 14இல் சிஆர்சி பிழைகள், அதாவது சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கைகள், பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தன.

யாரோ என்றேனே. சேமித்து வைத்த செட்டிங்கைக் காட்டும் ஷோ ஸ்டார்ட்டப்-கொன்ஃபிக் அடித்தால் மேலேயே வரும், கடைசியாக மாற்றியது யார் என்று. என் யூசர் பெயர். திகதி 1993 மார்ச் 1, திங்கட்கிழமை. இந்தப் பழைய சிஸ்கோ 2960 சுவிட்சுக்குக் கடிகாரத்தைக் காப்பாற்ற பேட்டரி கிடையாது, நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபியும் நான் போட்டுக் கொடுக்கவில்லை, மலையில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது 1993க்கே திரும்பிவிடும். திகதிதான் பொய், பெயர் பொய்யில்லை.

ஆனால் நான் அடித்தபோது அது பிழையும் இல்லை. அப்போது 14இல் இருந்தது 100 ஃபுல் தவிர வேறெதுவும் தெரியாத பழைய மீடியா கொன்வர்ட்டர், ஒரு வகைக் கேபிளை இன்னொரு வகையோடு இணைக்கும் பெட்டி. ஐப்பசி இடியில் அதுவும் பக்கத்து இரண்டு போர்ட்டும் போனபிறகு, ஒஃபிஸில் தற்காலிகமாக இருக்கும் தம்பி, சும்மா கிடந்த 14இல் கம்பியூட்டரைச் செருகியிருக்கிறான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 14க்கு டிஸ்கிரிப்ஷன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவனுக்கு... இல்லை, எழுதியிருந்தாலும் அவனால் பார்த்திருக்க முடியாது, சுவிட்சுக்குள் போக அவனிடம் பாஸ்வேர்ட் இல்லை. அது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆட்டோ போட்டு ரைட் மெமரி அடித்துச் சேமித்துவிட்டேன். பழைய வரி அழிந்து புதிய வரி வந்தது. அதிலும் என் பெயர்தான், ஆனால் இப்போது அது திருத்தியவன் பெயர். அந்த நேரம் பார்த்து பெரிய கிளாக்கர் வந்தார். "யாரு தம்பி கைவச்சது?" என்று கேட்டார்.

"செட்டிங் மாறியிருக்கு ஐயா. இப்ப சரி."

மாறு தன்வினை, மாற்று பிறவினை என்று சாதாரண தரத்துக்குப் படித்தது. மாறியிருக்கு என்றால் யாரும் செய்யவில்லை, மழை பெய்தது மாதிரி. பொய் என்றும் சொல்லமுடியாது, நான் வைத்த செட்டிங் அப்படியேதான் இருந்தது, சுற்றிலும் இருந்ததுதான் மாறியது. ஆனால் கிளாக்கர் ஐயா தமிழைக் கேட்கவில்லை, தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன், லெப்டொப்பை மூடிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க அரை நிமிடம் இருந்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம், அவர் முன்னால் எல்லாவற்றையும் விளக்கினாலும் அவருக்கு விளங்கியிருக்குமா என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். விளங்க என்ன இருக்கிறது, "இவன் இல்ல ஐயா" என்றால் போதும்.

பஸ் ஏறும் இடம்வரை தம்பி குடை பிடித்துக்கொண்டு வந்தான். "அண்ணே, நான் வயர மட்டுந்தான் மாத்துனேன்."

"தெரியும் தம்பி."

லயத்திலிருந்து ஒஃபிஸுக்குள் போன பையன். அவன் அம்மா இன்னும் கொழுந்துதான் எடுக்கிறார். வேலை போகவில்லை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சுவிட்ச் பெட்டிச் சாவியை மட்டும் கிளாக்கர் ஐயா வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது லைனில் ஏதும் பிரச்சினை என்றால் தம்பி போன் எடுக்கிறான், "அண்ணே, பெட்டியத் தொறக்கணும், ஐயாகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க" என்கிறான். சொல்கிறேன், சாவியைப் பற்றி.