நியூரான் படத்தைச் சுழற்றிப் பார்த்தால் மட்டும் போதாது

மூளையில் நியூரான்கள் எங்கெங்கே எப்படி அமைந்திருக்கின்றன என்று முப்பரிமாணத்தில் பார்க்க இப்போது அருமையான சாஃப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாபாரி, ப்ரெய்ன்ரெண்டர், கூகுளில் உருவான நியூரோகிளான்சர் என்று வரிசையாகச் சொல்லலாம். ஃப்ளைவயர் திட்டத்தில் 2024-ல் வெளிவந்த பழ ஈயின் முழு மூளை வரைபடத்தை, சுமார் 1,39,000 நியூரான்கள், பிரவுசரிலேயே திறந்து சுழற்றிப் பார்க்கலாம். எனக்கு அது இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் சுழலும் படத்தை வைத்து "இந்தச் செல்கள் கொத்துக்கொத்தாக இருக்கின்றன" என்று முடிவு கட்டவே கூடாது. சும்மா தூவிவிட்ட புள்ளிகளிலும் நம் கண் கொத்துகளைக் கண்டுபிடித்துவிடும்.

எண்ணித்தான் பார்க்க வேண்டும். அதற்கு ரிப்ளியின் கே சார்பு என்று ஒரு நல்ல வழி 1970-களிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் நடுவில் வைத்து, இத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரத்துக்குள் எத்தனை அண்டைச் செல்கள் என்று எண்ணி, தற்செயலாகச் சிதறியிருந்தால் எத்தனை வரும் என்பதோடு ஒப்பிடுவது. புள்ளியியலுக்கான ஆர் நிரல் மொழியின் ஸ்பாட்ஸ்டாட் தொகுப்பு இதை முப்பரிமாணத்திலும் செய்யும். சரி, அப்புறம் என்ன சிக்கல் என்றால், "தற்செயல்" என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான். மூளையின் அடுக்கடுக்கான வெளிப்பகுதியான பெருமூளைப் புறணியின் முதல் அடுக்கில் நியூரான்களே மிகக் குறைவு, நான்காம் அடுக்கில் நெருக்கமாக இருக்கும், எல்லா அடுக்கையும் ஒரே பெட்டியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பெரும்பாலான செல் வகைகள் கொத்தாக இருப்பதாகவே விடை வரும். செல் உடலுக்கும் பருமன் உண்டு, இரண்டு செல்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது, அதனால் குறைந்த தூரங்களில் அவை ஒன்றையொன்று விலக்குவதுபோலத் தோன்றும். உயிரியல் காரணம் எதுவும் இல்லாமலே!

எல்லை இன்னொரு தொல்லை. 100 மைக்ரான் தடிமனுள்ள திசுத் துண்டில் 50 மைக்ரான் ஆரம் எடுத்தால், சரியாக நடுத்தளத்தில் இருக்கும் செல்லைத் தவிர மற்ற எல்லாவற்றின் கோளமும் திசுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பாட்ஸ்டாட் எல்லைத் திருத்தம் செய்கிறது, ஆனால் முப்பரிமாணத்தில் பெட்டி வடிவத்துக்கு மட்டும். மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் போன்ற வளைந்த பகுதிக்கு அது உதவாது. நான் பரிந்துரைப்பது இதுதான்: பகுதியின் எல்லையை நீங்களே வரைந்து, அடுக்கு வாரியாக அதே எண்ணிக்கையில் செல்களை, ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி, பைத்தானில் ஆயிரம் தடவை தூவிப் பாருங்கள். உங்கள் உண்மையான செல்களுக்கு வந்த கே அளவு அந்த ஆயிரத்துக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதே விடை.

நியூரான் கிளைகளின் வடிவம் வேறு கதை, அதற்குச் செல் உடலிலிருந்து ஒவ்வொரு தூரத்திலும் எத்தனை கிளைகள் என்று எண்ணும் ஷோல் பகுப்பாய்வும், இரண்டு நியூரான்களின் வடிவத்தை ஒப்பிடும் என்பிளாஸ்டும் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். கட்டுரை வெளியிடும்போது அழகான படத்தோடு நிறுத்தாமல், செல்களின் ஆயத்தொலைவுகள், நீங்கள் வரைந்த எல்லைக் கோப்பு, ஆழ அச்சில் வாக்ஸல் (முப்பரிமாணப் படப்புள்ளி) அளவு, திசு தடிமனில் எவ்வளவு சுருங்கியது என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இவை இல்லாவிட்டால் உங்கள் கணக்கை இன்னொருவர் திரும்பப் போட்டுப் பார்க்க வழியே இல்லை.