நம்ம மேனேஜருக்கு ‘சான்’ கிடையாது: பெங்களூரு ஜப்பானிய வகுப்பு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6

புது பேட்ச். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்கிறார்கள். வினையே இங்கேதான் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்துக்கும், படிப்பைப் பாதியில் விட்டு விலகுவதற்கும் உள்ள ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால் ஒரே ‘தைகாகு’தான். ‘தண்ணி’யின் த போட்டால் விலகல், ‘தர்மம்’ என்று பேசும்போது வரும் த போட்டால் பல்கலைக்கழகம். நேர்காணலில் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? பக்கத்தில் கன்னடத்தில் குறிப்பெழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் மொழியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்துகளான 46 ஹிராகானாவையும் முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டுத் தமிழ்க் குறிப்பை நிறுத்துவதே வழி. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பிறவியிலேயே வருவதால், அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 21

வாக்கிய அமைப்பு. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ‘போய், வாங்கி, வந்து’ என்று நாம் அடுக்குவதைப் போலவே ஜப்பானியர்களும் அடுக்குகிறார்கள். ஒரே வகுப்பில் முடிந்தது.

செப்டம்பர் 12

தொலைபேசிப் பயிற்சி. வெளியாள் கூப்பிட்டு மேலாளர் தனாகாவைக் கேட்கிறார். நம் பிள்ளைகள் வாயில் வருவது ‘சார் மீட்டிங்கில் இருக்காங்க’ என்பதன் ஜப்பானிய வடிவம்: தனாகா‑சான், அதாவது பெயருக்குப் பின்னால் ‘சான்’ என்ற மரியாதை ஒட்டு, கூடவே ‘இரஷ்ஷைமாஸ்’ என்ற மரியாதை வினை. இரண்டும் தப்பு. வெளியாளிடம் பேசும்போது நம் மேலாளரும் நம் வீட்டு ஆள் கணக்கு. வெறும் ‘தனாகா’ என்று சொல்லி, பணிவு வினையான ‘ஓரிமாஸ்’ போட வேண்டும். நிறுவனத் தலைவருக்கும் இதேதான். பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு கூசுகிறது, அதனால் விதி தெரிந்தவரும் தடுமாறுகிறார். அலுவலகத்துக்குள் பேசும்போது மட்டும் பதவிப் பெயரோ ‘சான்’னோ திரும்பி வந்துவிடும். அழைப்பவர் தனாகாவின் மனைவி என்றால் தனாகாவுக்கு மரியாதை வினைதான், ஏனென்றால் அவர் இப்போது அந்த வீட்டு ஆள்.

பயிற்சிக்கு ஒரு வட்டம் போட்டு, வாக்கியம் தொடங்கும் முன் யார் உள்ளே, யார் வெளியே என்று புள்ளி வைக்கச் சொல்கிறேன். வாய்ப்பாடு மனப்பாடத்தைவிட இது உதவுகிறது.

அக்டோபர் 3

மின்னஞ்சல். வரிசை மாறாது: பெறுபவரின் நிறுவனம், துறை, பெயருடன் ‘சாமா’ (‘சான்’னைவிட உயர்ந்த மரியாதை ஒட்டு), வழக்கமான நன்றி வரி, தான் யார், விஷயம், ‘தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் முடிக்கும் ‘யோரோஷிகு’ வரி, கையொப்பம். ஆள் பெயர் இல்லாமல் துறைக்கு எழுதினால் ‘சாமா’ கூடாது, அமைப்புகளுக்கான ‘ஓன்சூ’ போட வேண்டும். பதவிப் பெயருக்குப் பின்னால் ‘சாமா’ ஒட்டுவது இரட்டை மரியாதை. மேலதிகாரியின் பணிப்புக்கு ‘சரி, புரிந்தது’ என்று பதில் எழுதும்போது ‘ர்யோகாய்’ வேண்டாம், பணிவான ‘ஷோச்சி ஷிமாஷிதா’ எழுதுங்கள்.

அக்டோபர் 24

ஆய்வறிக்கை நடை. மின்னஞ்சலில் பழகிய ‘தேஸ், மாஸ்’ என்ற பணிவான வாக்கிய முடிவுகளை இங்கே கழற்றிவிட்டு, ‘தே ஆரு’ என்று முடியும் எழுத்து நடைக்கு மாற வேண்டும். மோசமானது கலப்படம். முதல் பத்தி ‘தே ஆரு’, மூன்றாவது பத்தியில் ‘மாஸ்’ எட்டிப் பார்க்கும். வலையில் இருந்து வெட்டி ஒட்டியது என்று ஆசிரியர் உடனே கண்டுபிடிப்பார். எழுதி முடித்ததும் வாக்கிய முடிவுகளை மட்டும் கீழிருந்து மேலாகப் படித்தால் பிசகு மாட்டும். ‘ஆனால்’ என்பதற்கு ‘தேமோ’ பேச்சுக்கு, அறிக்கையில் ‘ஷிகாஷி’.

நவம்பர் 10

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி நெருங்குகிறது. அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதான என்2 தேர்ச்சிக்கு 180க்கு 90 போதும், ஆனால் மூன்று பிரிவிலும் தலா 60க்கு 19 வேண்டும். மொத்தம் 120 வாங்கியும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், கேள்வித்தாளிலேயே குறிப்பெடுத்துப் பழகுங்கள். பேச்சும் கட்டுரையும் இந்தத் தேர்வில் கிடையவே கிடையாது. பெங்களூரை அடுத்த பிடதிப் பக்கத்து ஜப்பானிய ஆலைகளில் இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்கள் சான்றிதழை மட்டும் நம்பாமல், செப்டம்பர் தொலைபேசிப் பயிற்சியை வாரம் இருமுறை ஜோடியாக உட்கார்ந்து செய்யுங்கள்.